தூங்குமூஞ்சி மரத்துச் சருகும் ஒரு மண்ணெண்ணெய்த் தகரமும்

பிப்ரவரி 4, திங்கள்

காலையிலிருந்தே வெயில். காற்றே இல்லை. ஆனாலும் வாசல் தூங்குமூஞ்சி மரம் யாரோ பிடித்து உலுக்கினாற்போல் கொட்டுகிறது. மூன்று தடவை கூட்டியாயிற்று. நடுநடுவே துணி துவைத்தது, பாசாருக்குப் போனது, கருவாடு வாங்கியது. கருவாடு மோசம். அந்தக் கடைக்கு இனிமேல் போவதில்லை.

பத்து மணிக்கு ஓவர்சியர் வந்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைக்கு அவர்தான் எல்லாம். கூரை ஒழுகினாலும் அவர், குழாய் கெட்டாலும் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, குடை, சட்டைப்பையில் சின்ன நோட்டு. வாசல் லோங்காங் ஓரம் குனிந்து குடைக்கம்பியால் கிளறினார். தண்ணீர் ஓடவேண்டிய இடத்தில் ஒரு முழத்துக்குச் சருகு.

"பிள்ளை, இஞ்ச பாரும். இலை முழுக்க வடிகாலுக்குள்ள கிடக்குது. ஒரு மழை பெய்தால் தண்ணி நிண்டுடும். நுளம்பு பெருகும், காய்ச்சல் வரும்."

"தினம் கூட்டுறேன் ஐயா."

"கூட்டி ஓரமாக் குவிச்சு வைக்கிறீர். காத்தடிச்சால் திரும்ப உள்ளுக்கு வரும். எரிக்கவும் விடமாட்டம், தெரியும்தானே. அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை வருவன். இப்பிடியே கிடந்தால் மரத்தைத் தறிக்கச் சொல்லி எழுதிப்போடுவன்."

நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பத்தடி தூரத்தில், அதே மரத்தடியில், கயிற்றுக் கட்டிலில் இவர் தூங்கிக்கொண்டிருந்தார். (இவர் என்றால் என் வீட்டுக்காரர். பேரை டைரியில்கூட எழுத மாட்டேன்.) இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். சாயங்காலம் போனால் விடிய விடிய கிள்ளான் துறைமுகத்துச் சரக்கு வண்டி. காலை ஏழுக்கு வந்து, குளித்து, கஞ்சி குடித்து, மரத்தடியில் படுத்தால் இரண்டு மணி வரை உலகம் கவிழ்ந்தாலும் தெரியாது. வீட்டுக்குள் தூங்க முடியாது. தகரக் கூரை. பத்து மணிக்குமேல் உள்ளே நின்றால் தலைமயிர் சுடும். போன வருஷம் கட்டில் கயிறு அறுந்து நாலு நாள் உள்ளே படுத்தார். ஐந்தாம் நாள் ஓடுகிற இன்ஜினில் நின்றபடியே கண் சொக்கி, டிரைவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால்... வேண்டாம். எழுதவேண்டாம்.

மரம் போனால் தூக்கம் போகும். தூக்கம் போனால் ஒருநாள் இவரே போய்விடுவார். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

இவரிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் தூக்கம் இன்றைக்கே போய்விடும்.

பிப்ரவரி 5, செவ்வாய்

வெயில். செய்யவேண்டியவை:

லோங்காங் வாருதல். (முடிந்தது. கையில் ஒரு தேரை வந்தது. கத்திய கத்தலில் மூன்றாம் வீட்டு ஆள் ஓடிவந்தார்.)
பழைய சாக்கு தேடுதல். (ஐந்து. எல்லாம் அரிசிச் சாக்கு.)
எலுமிச்சை ஊறுகாய் வெயிலில். (மறந்துவிட்டேன்.)
குப்பை வண்டிக்காரரிடம் பேசுதல்.

குப்பை வண்டி மாரிமுத்து அண்ணன், முனையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். சருகு எடுப்பீர்களா என்று கேட்டேன்.

"சும்மா குவிச்சு வச்சா எடுக்க மாட்டேன் தங்கச்சி. வண்டி நகர்ந்தா பாதி ரோட்டுல பறக்கும், எனக்குத்தான் ஏச்சு. சாக்குல கட்டிக் குடு, பத்து சாக்குன்னாலும் ஏத்துறேன். காலிச் சாக்கை அடுத்த வாரம் குடுத்துடறேன்."

"எப்ப வருவீங்க?"

"உங்க வரிசைக்கு வெள்ளிக்கிழமை காலையில எட்டு மணி. அதை மாத்த என்னால ஆவாது."

வெள்ளிக்கிழமையாம்! வேறு கிழமையே கிடைக்கவில்லையா இந்த மனுஷர்களுக்கு? பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்காவிடம் சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை வீட்டைவிட்டு ஒரு துரும்பு வெளிய போகக்கூடாதுடி கோமளம். லட்சுமியும் கூடவே கெளம்பிடுவா."

"அதான் நம்ம வரிசை குப்பை மேடா கிடக்குதாக்கா?"

"கிடந்தா கிடக்கட்டும். லட்சுமி இருக்காள்ல?"

"இருக்காளா? எங்க வீட்டுல நான் பார்க்கலையே."

"வாயைக் கழுவுடி!"

நான் யோசித்துவிட்டேன். வியாழக்கிழமை விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே சாக்கைக் கட்டிக் கேட்டுக்கு வெளியே வைத்துவிடுவது. வியாழக்கிழமை வெளியே போனது வியாழக்கிழமைக் கணக்கு. லட்சுமிக்கும் மனக்குறை இல்லை, மாரிமுத்து அண்ணனுக்கும் இல்லை.

பிப்ரவரி 6, புதன்

மேகம், மழை இல்லை.

சாக்கில் சருகு போடுவது இவ்வளவு பெரிய பாடு என்று யாராவது சொல்லியிருக்கக்கூடாதா! ஒரு கையால் சாக்கைப் பிடித்தால் ஒரு கைக்கு எவ்வளவு இலை வரும்? இரண்டு கையாலும் அள்ளினால் சாக்கு படுத்துக்கொள்கிறது. ஒரு ஓரத்தைப் பல்லால் கடித்துப் பார்த்தேன். வாயெல்லாம் தூசி, உமி, ஒரு எறும்பு. வேலியில் இரண்டு ஆணி அடித்து மாட்டினேன். பின்பக்கம் நின்றது, முன்பக்கம் தொங்கிவிட்டது. உடைந்த ரோத்தான் பிரம்புக் கூடையின் வளையத்தை வாயில் வைத்தேன். அள்ளிப் போடப் போட வளையம் உள்ளே விழுந்தது. அதை எடுக்கக் கையை விட்டால் இலை எல்லாம் வெளியே.

பா. அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பு. "சாக்கோட குஸ்தியா? ஜெயிச்சது யாருடி?"

மத்தியானம் வரை ஒரே சாக்கு. அதுவும் அரைச் சாக்கு. எனக்கு ஆத்திரம். அதைக் காலால் உதைத்தேன். அது படுத்தபடி வாயை மூடிக்கொண்டது.

அப்போதுதான்! படுத்திருக்கிற சாக்கை எதற்கு நிறுத்தவேண்டும்? படுத்தே கிடக்கட்டும். வாய் மட்டும் திறந்திருந்தால் துடைப்பத்தால் நேரே உள்ளே தள்ளிவிடலாமே. குனிந்து அள்ளவேண்டாம், ஆள் பிடிக்கவேண்டாம். வாயை எது திறந்து பிடிக்கும்?

குளியல் மறைவில் ஓட்டை மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று சும்மா கிடந்தது. இவர் எழுந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மேலும் கீழும் மூடியை வெட்டி, பக்கத்தில் ஒரு நீளக் கிழிப்புக் கிழித்துத் தரச் சொன்னேன். எதற்கு என்றார். விளையாட்டுக்கு என்றேன். ஒரு மாதிரி பார்த்தார், வெட்டிக் கொடுத்தார். ஓரத்தைச் சுத்தியலால் மடக்கியும் கொடுத்தார், கை கிழியாமல் இருக்க. நல்ல மனுஷர்.

விரித்தால் பலகை மாதிரி ஒரு தகரம். அதை வளைத்துச் சாக்கு வாய்க்குள் செருகிக் கையை விட்டேன். தகரம் விரியப் பார்க்கிறது, சாக்கு விடமாட்டேன் என்கிறது. வாய் திறந்தபடி நின்றுவிட்டது! நான் பிடிக்கவே இல்லை! கீழ்ப்பக்கம் தரையோடு ஒட்டிக்கொண்டது. துடைப்பத்தை எடுத்து ஒரு தள்ளு, இரண்டு தள்ளு. இலை சரசரவென்று உள்ளே.

வாய்விட்டுக் கத்திவிட்டேன். மூன்றாம் வீட்டு ஆள் மறுபடியும் ஓடிவந்தார். இனிமேல் தேரையே வந்தாலும் வரமாட்டார்.

பிப்ரவரி 7, வியாழன்

ஐந்து சாக்கு! ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை! நிரம்பியதும் தூக்கி நிறுத்தி, இரண்டு குலுக்கு, தகரத்தை உருவினால் வந்துவிடுகிறது. சணல் கயிறால் கட்டு. அடுத்தது. முதுகு வலிக்கவில்லை. நகத்தில் அழுக்கில்லை.

இவர் தூங்கும் கட்டிலுக்கு அடியிலும் கூட்டினேன். புரண்டுகூடப் படுக்கவில்லை. பா. அக்கா வழக்கம்போல, "மரமும் தூங்குமூஞ்சி, உன் வீட்டுக்காரரும் தூங்குமூஞ்சி" என்றாள். இருக்கட்டும். நன்றாகத் தூங்கட்டும்.

ஐந்தரைக்கே ஐந்து சாக்கையும் கேட்டுக்கு வெளியே வரிசையாக நிறுத்திவிட்டேன். அப்புறம்தான் விளக்கு வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். ஐந்து தொந்திக்காரர்கள் ரயிலுக்குக் காத்து நிற்பதுபோல் இருந்தது.

லோங்காங்கில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. எத்தனை நாளாயிற்று!

பிப்ரவரி 8, வெள்ளி

அழுகையா ஆத்திரமா, எனக்கே தெரியவில்லை.

காலையில் குழாயடியில் கூட்டம். தண்ணீர் பிடித்துக்கொண்டு வர எட்டேகால். வண்டி போயிருந்தது. கேட்டுக்கு வெளியே சாக்கு இல்லை. ஆஹா, எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று துள்ளிக்கொண்டு உள்ளே வருகிறேன், ஐந்து சாக்கும் கேட்டுக்கு உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருக்கின்றன! ஒன்று வாய் அவிழ்ந்து, பாதி இலை வாசல் முழுக்க.

பா. அக்கா வேலைதான். இழுத்துப் போட்டுவிட்டு வேலியோரம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள், நான் கையெடுத்துக் கும்பிடுவேன் என்று நினைத்து.

"நல்லவேளை நான் பார்த்தேன்டி! வெள்ளிக்கிழமை விடியக்காலம் அஞ்சு அரிசி மூட்டை வாசலைத் தாண்டி நிக்குது!"

"அக்கா, அதுக்குள்ள சருகு!"

"தெரியாதா எனக்கு? இழுக்கும்போதே கனமில்லையே. உள்ள என்ன இருந்தா என்ன, சாக்கு அரிசிச் சாக்குல்ல? அதுல அரிசி இருந்த வாசனை இருக்குல்ல? அதை வெள்ளிக்கிழமை குப்பை வண்டியில ஏத்தி அனுப்புவியா? வெளங்குமா வீடு?"

கெட்ட எண்ணமாக இருந்தால் சண்டை போடலாம். அவள் என் வீட்டு லட்சுமியை இழுத்துப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள், இடுப்பு வலியோடு. இருந்தும் கத்திவிட்டேன். "மரத்தை வெட்டிட்டா உங்க லட்சுமியா வந்து இவருக்கு நிழல் குடுப்பா?" என்று.

அக்கா முகம் சுருங்கிவிட்டது. எந்த மரம், யார் வெட்டுவது என்று கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஓவர்சியர், நோட்டு, அடுத்த வெள்ளி, இன்ஜினில் கண் சொக்கியது, எல்லாம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்னும் ஒரே வாரம். ஒரே ஒரு வண்டி.

பிப்ரவரி 9, சனி

அக்கா பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் வீட்டில் மொச்சைக் குழம்பு மணக்கிறது. வேண்டுமென்றே செய்கிறாள்.

இவர் கேட்டார்: "என்ன, பக்கத்து வீட்டோட பேச்சைக் காணோம்?" ஒன்றுமில்லை என்றேன்.

பிப்ரவரி 11, திங்கள்

காலை ஆறு மணி. வேலிக்கு மேலே ஒரு கறுப்பு மூட்டை என் வாசலில் வந்து விழுந்தது. பிரித்தேன். காலிக் கரிச் சாக்கு, எட்டு.

"எதுக்குக்கா இது?"

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் அடுப்புச் சாம்பலை வழித்துக்கொண்டே சொன்னாள். "அரிசிச் சாக்கு போனாத்தான் தப்பு. கரிச் சாக்கு போனா வீட்டுப் பீடை போற மாதிரிலா. எந்தக் கிழமை போனாலும் நல்லதுதான். கரிக் கடையில கேட்டு வாங்கியாந்தேன்."

இப்படி ஒரு சட்டம் எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். வேலியைத் தாண்டிப் போய்க் கட்டிக்கொண்டேன். இரண்டு பேர் சேலையிலும் கரி, சாம்பல். மொச்சைக் குழம்பும் கிடைத்தது. உப்பு ஒரு கல் கூடுதல்.

பிப்ரவரி 12, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. அக்கா தகரத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். அப்புறம் துடைப்பத்தைக் கொடுக்கவே இல்லை. தன் வீட்டு வாசல், அடுத்த வீட்டு வாசல் என்று போய்க்கொண்டே இருந்தாள். இன்று மட்டும் மூன்று பேர் தங்கள் வீட்டுத் தகரத்தோடு இவர் முன்னால் நின்றார்கள். "எல்லாரும் என்னதான் விளையாடுறீங்க?" என்கிறார் பாவம். வெட்டிக் கொடுத்துவிட்டுப் படுத்தார்.

பிப்ரவரி 14, வியாழன்

நாலு மணிக்குள் ஏழு கரிச் சாக்கு, வெளியே வரிசையாக. வாசல் வழித்துவிட்டாற்போல் சுத்தம். நாளைக்கு ஓவர்சியர் வரலாம், அவர் தாத்தாவும் வரலாம்.

ஐந்து மணி. வானம் கிள்ளான் பக்கம் கறுக்கிறது. மரம் இலையை மடக்குகிறது.

ஆறு மணி. புயல் மாதிரி அடிக்கிறது. எழுத முடியவில்லை. ஐயோ, கொட்டுகிறதே, கொட்டுகிறதே!

பிப்ரவரி 15, வெள்ளி

விடிந்ததும் கதவைத் திறந்தால் தரையே தெரியவில்லை. இலை, குச்சி, காய். லோங்காங் வாய்வரை அடைத்துத் தண்ணீர் நிற்கிறது. ஓவர்சியர் என்ன சொன்னாரோ அதேதான்! ஏழு சாக்கும் வெளியே நனைந்து நிற்கின்றன, ஆனால் அவற்றால் என்ன பிரயோஜனம்? அரிசிச் சாக்கில் கட்டலாமென்றால் இன்றைக்கு வெள்ளி. மிச்சம் ஒரே ஒரு கரிச் சாக்குதான். கையில் துடைப்பத்தோடு மரம் மாதிரி நின்றேன்.

கேட் திறந்தது. அக்கா. இடுப்பில் முந்தானையைச் செருகி, தோளில் ஒரு கட்டு கரிச் சாக்கு. அவளுக்குப் பின்னால் தகரம் வெட்டிக்கொண்டு போன மூன்று பேரும்.

"அக்கா, இன்னிக்கு வெள்ளி."

"எனக்கு நீ கிழமை சொல்லித் தரியா? கரிதானே போகுது. இந்தா, வாயைப் பிடி."

"பிடிக்க வேண்டாம்கா. அதுக்குத்தானே தகரம்!"

அப்புறம் பேச நேரமில்லை. நாலு தகரம், நாலு துடைப்பம். ஈர இலை தகரத்தில் ஒட்டியது. அக்கா சாம்பலைத் தூவினாள், வழுக்கிக்கொண்டு போயிற்று. மூளைக்காரி! ஏழு மணிக்கு இவர் கரி முகத்தோடு வந்து கேட்டில் நின்றார். "என்ன திருவிழா?" கஞ்சி குடித்துவிட்டுப் படுங்கள் என்றேன். படுத்தார். அவரைச் சுற்றிக் கூட்டினோம்.

எட்டு மணிக்கு மாட்டு மணி கேட்டது. மொத்தம் பதினாறு சாக்கு! மாரிமுத்து அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பத்துன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன் தங்கச்சி!" ஆனாலும் ஏற்றினார். அக்காவும் ஒரு மூட்டைக்குக் கை கொடுத்தாள், கண்ணை மூடிக்கொண்டு, வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு.

ஒன்பதுக்கு ஓவர்சியர். லோங்காங்கில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குடைக்கம்பியை விட்டார். கல்லில் இடித்தது. நிமிர்ந்தார்.

"நேற்று அடிச்ச காத்துக்கு மற்ற வரிசை எல்லாம் குப்பை. இஞ்ச மட்டும் எப்பிடி?"

தகரத்தைக் காட்டினேன். குடையை மரத்தில் சாய்த்துவிட்டுத் தானே துடைப்பத்தை வாங்கி இரண்டு தள்ளுத் தள்ளினார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆர் செய்தது? நீரோ? நல்ல மூளை பிள்ளை. இதை நான் கொண்டுபோறன். மற்ற வரிசைகளுக்குக் காட்டவேணும்."

தகரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறார்! அக்கா என்னைப் பார்க்கிறாள். அந்தப் பார்வை! கரி இல்லை, பீடை இல்லை, நல்ல வீட்டுச் சாமான், வெள்ளிக்கிழமை. எனக்கு என்ன பிடித்ததோ, ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. இன்னிக்கு வெள்ளி. வீட்டுச் சாமான் தர மாட்டேன். நாளைக்கு வாங்க, நானே தரேன்."

சொல்லி முடித்த பிறகுதான் நோட்டு அவர் சட்டைப்பையில் இருப்பது கண்ணில் பட்டது. கோமளம், உனக்குப் புத்தி இருக்கிறதா?

அவர் தகரத்தைக் கீழே வைத்தார்.

"எங்கட வீட்டிலயும் உதுதான். வெள்ளிக்கிழமை எண்டால் மனிசி ஒரு ஊசியும் குடாள். சரி, நாளைக்கு வாறன்."

"ஐயா, மரம்?"

"நாளைக்குச் சொல்லுறன்."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா, "நீ சொன்னதுதான்டி சரி" என்று பத்துத் தடவை சொன்னாள். அவளுக்கென்ன!

பிப்ரவரி 16, சனி

நல்ல வெயில், லேசான காற்று. காலையிலிருந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாதம் குழைந்துவிட்டது.

ஒரு மணிக்கு வந்தார். தகரத்தைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். சணலால் கட்டிக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நோட்டை எடுத்துத் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, மரத்தைப் பற்றி—" என்று பெரிய குரலில் ஆரம்பித்தார்.

"மெதுவா ஐயா! இவர் தூங்குறார்."

திரும்பிப் பார்த்தார். கட்டில், மரநிழல், வாயைத் திறந்து தூங்கும் இவர். கண்ணைச் சுற்றி இன்னும் கழுவப்படாத கரி. கூரைத் தகரத்தையும் நிமிர்ந்து பார்த்தார். நோட்டில் ஒரு கோடு கிழித்தார். என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மெல்லிய குரலில் சொன்னார்.

"மரம் நிக்கட்டும்."

நுனிக்காலில் நடந்து, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு குதிக்கிறாள். நானும் குதித்தேன், சத்தமில்லாமல். இவருக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டு மணிக்கு எழுந்திருப்பார். எல்லாவற்றையும் சொல்லவேண்டும், அந்த முதல் திங்கட்கிழமையிலிருந்து. இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது.